இருபத்தோராம் பாடம்

செங்காட்டூர்ப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி வகுப்பு தொடங்கிய ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நிலவியல் துறையின் பழைய கூடத்தில், பாறைத் துண்டுகள் அடுக்கிய கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த இருபத்து நாலு பேரும் முதல் பாடத்தின் முதல் வாக்கியத்தைப் பத்தாவது தடவையாக ஒரே குரலில் சொல்லி முடித்ததும், வாசலில் ஒருவர் ஷூவைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, உள்ளே வந்து, இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்து, "ஹஜிமெமாஷ்தே, கிமுரா தெஸ்" என்றார். வணக்கம், நான் கிமுரா என்று அர்த்தம். பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் படமாக நின்றுகொண்டிருந்த அதே கிமுராதான். அதே கோட்டு, அதே டை, ஒரு கையில் மடக்கிய குடை, இன்னொரு கையில் பெட்டி. அசல் புத்தகம் ஆசிரியை ஷைலஜாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் கையில் இருந்ததெல்லாம் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே மரகதம் கடையில் எடுத்த ஜெராக்ஸ் தாள்கள் என்பதால், வந்தவரும் தலை முதல் கால் வரை கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தார், மடிப்பு விழுந்த பக்கத்துக் காது மட்டும் கொஞ்சம் மங்கி.

ஷைலஜா மேடம் கணவரோடு ஜப்பானில் நாகோயாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தவர், எதற்கும் அதிகம் அலட்டிக்கொள்ளாதவர். வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாற்காலி பத்தாது. சுகந்தி, கொஞ்சம் தள்ளி உட்காரு" என்றார்.

கடைசி பெஞ்சில் இருந்த சுகந்தி தள்ளி உட்கார்ந்தாள். அவள் இயற்பியல் முதுகலை இரண்டாம் வருஷம். அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக். பைபாஸ் ரோட்டுப் பக்கம் வரிசையாகக் கார்த் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த காலம் அது, ஜப்பானிய மொழி தெரிந்தவர்களை மொழிபெயர்ப்புக்கு எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவள் பேர் கொடுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஜெராக்ஸ் தாளின் மசி வாசனை வந்தது. அவர் தன் குடையைக் காட்டி, இது குடை என்றார். அவளும், ஆமாம், அது குடை என்றாள். இரண்டாம் பாடம் வரை அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச முடிந்தது.

ஊருக்கு அவரைப் பிடித்துப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. வகுப்பில் கிமுரா-சான், கிமுரா-சான் என்று மரியாதையாகக் கூப்பிட்டதைக் கேட்ட காவலாளி அதை குமரேசன் என்று வாங்கிக்கொண்டு டீக்கடையில் சொல்ல, டீக்கடையிலிருந்து அது பஸ் ஸ்டாண்டுக்கும் சந்தைக்கும் போய், கடைசியில் வாக்காளர் பட்டியலிலும் குமரேசன், வயது முப்பத்தெட்டு என்றே ஏறிவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், எந்த ஊர், யார் அனுப்பினது, எதுக்கு வந்தீங்க என்று கேட்ட மூன்று கேள்விக்கும் அவர் இது குடை, இது பெட்டி, இது கடிகாரம் என்றே பொறுமையாகப் பதில் சொல்ல, போலீஸ்காரரும் குடை ஒன்று, பெட்டி ஒன்று, கடிகாரம் ஒன்று என்று எழுதிக்கொண்டு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். ஆண்கள் விடுதியில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். நாலாம் பாடத்தில் நேரம் வந்த பிறகு அவர் புத்தகத்தில் போட்டபடி காலை ஆறுக்கு எழுந்து, எட்டுக்கு வெளியே கிளம்பி, சாயங்காலம் நாலுக்குக் கடைக்குப் போக ஆரம்பித்தார். அவர் தெருவில் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

அவருடைய பேச்சு வகுப்பின் பேச்சைத் தாண்டாது என்பது எல்லோருக்கும் புரிய ஒரு மாசம் பிடித்தது. மேடத்துக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அவருக்கு எந்த ஒத்தாசையும் செய்யவில்லை. வருகைப் பதிவேட்டில் பேர் இருக்கிற ஒருவராவது வாய்விட்டுச் சொல்லிப் பழகிய வாக்கியம் எதுவோ அது மட்டுமே அவர் வாயில் வந்தது, பழகிய வினை எதுவோ அதை மட்டுமே அவரால் செய்ய முடிந்தது. இது தெரிய வந்ததே விடுதிச் சமையல்காரரால்தான். ஐந்தாம் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் கரண்டியோடு வகுப்புக்குள் வந்துவிட்டார்.

"மேடம், எந்தப் பாடத்துல சாப்பாடு வருது?"

"ஆறாவதுல. அடுத்த வாரம்."

"அடுத்த வாரமா? வந்ததுலேர்ந்து மனுஷன் பல்லுல பச்சத் தண்ணி படலைங்க. தட்டைப் பாக்குறாரு, நல்லாருக்குன்ற மாதிரி தலையாட்டுறாரு, எழுந்து போயிடுறாரு. இன்னைக்கே நடத்துங்க, புண்ணியமாப் போவும்."

மேடம் அன்றைக்கே ஐந்தை நிறுத்திவிட்டு ஆறை எடுத்தார். இருபத்து நாலு பேரும் ஜன்னல் அதிர, தபெமாஸ், தபெமாஸ், சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன் என்று சொல்லச் சொல்ல, கிமுரா சாம்பார் சாதம் நாலு தட்டு சாப்பிட்டார். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது சுகந்திக்கு, படித்தது ஒன்று ஒரு ஆளின் வயிற்றில் போய் நின்றதைக் கண்ணால் பார்த்த சந்தோஷம் இருந்தது. பின்னால் ஒரு பயமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் பாடத்தில் இறந்த காலம் வந்தது. அதுவரை அவருக்கு நேற்று என்பதே கிடையாது. அன்றைக்கு மரகதத்தின் ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "நேற்று மழை பெய்தது" என்றார். முந்தின நாள் வெயில் கொளுத்தியிருந்தும் யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் தனியாக இருந்தேன்" என்றார். அப்போது மரகதம் தாளை வைத்த கையோடு மெஷினின் பொத்தானை அழுத்தாமல் நின்றாள்.

மரகதத்துக்கு நாற்பத்தொரு வயது. தம்பியை வளர்த்துப் படிக்க வைத்து ஆரணியில் குடித்தனம் வைத்துக் கொடுத்ததில் தன் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசாமலே விட்டுவிட்டார்கள். பாடப் புத்தகத்தை ஒவ்வொரு பாடமாக, ஒவ்வொரு வாரமும் இருபத்து நாலு பிரதி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். நாலு மணிக்கு அவர் வந்து உட்காருவார். ஒவ்வொரு பொருளாகக் காட்டி இது என்ன என்பார். அவள் ஸ்டேப்லர், பசை, ஸ்கேல் என்பாள். அவர் வாயில் வரும் வாக்கியங்களையெல்லாம் கேட்டுக் கேட்டே அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். பதினாலாம் பாடம் முடிந்த வாரம் அவர் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு, டம்ளரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தபடி, "எனக்கு டீ பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும்" என்று சொன்னபோது, எதிரே நின்ற ஆட்டோக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஊர் அதையும் பெரிது பண்ணவில்லை. நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை மரகதம் கடையில் ஜெராக்ஸ் எடுக்கப் போவதில்லை என்று தனக்குள்ளேயே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டது.

வகுப்புதான் தேய்ந்துகொண்டே வந்தது. எழுத்து மூன்று விதம் என்று தெரிந்ததும் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். பரீட்சை வந்தபோது எட்டுப் பேர். பொங்கலுக்கு ஊருக்குப் போன நாலு பேர் திரும்பவில்லை. கல்யாணம், வேலை என்று மிச்ச இரண்டு பேரும் போக, பதினேழாம் பாடத்திலிருந்து சுகந்தியும் மேடமும் கிமுராவும் மட்டும் பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். நின்றுபோன இருபத்து மூன்று பேரையும் பதிவேட்டில் கோடு போட்டு அடித்த மேடம் சுகந்தியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். இனி அந்த மனிதர் பேசப்போகும் ஒவ்வொரு சொல்லும் தன் ஒருத்தியின் நாக்கு வழியாகத்தான் போகவேண்டும் என்று சுகந்திக்குத் தெரிந்தது. அவள் தப்பாகச் சொன்னால் அவரும் தப்பாகச் சொன்னார். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவர் பழைய வாக்கியங்களையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு தெருவில் நடந்தார்.

இருபதாம் பாடம் முடிந்ததும் ஒரு சான்றிதழ் தேர்வு இருந்தது. சுகந்தி தேறினாள். பைபாஸில் கார் சீட்டு தைக்கிற தொழிற்சாலை அவளை உடனே எடுத்துக்கொண்டது. வேன் காலை ஆறுக்கு வரும், சாயங்காலம் ஏழுக்குக் கொண்டுவந்து விடும். அவள் வகுப்புக்குப் போவது நின்றது.

அந்த மாசத்தில்தான் ஆரணியில் மரகதத்தின் தம்பி பெண்டாட்டி இறந்துபோனாள். இரண்டு பிள்ளைகள், மூத்ததுக்கு ஏழு வயசு. தம்பி வந்து கடையில் உட்கார்ந்து அழுதான். நீ வந்துடு அக்கா என்றான். மரகதம் பத்து நாள் கேட்டாள். அந்தப் பத்து நாளில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து வேன் நிற்கிற இடத்தில் சுகந்திக்காகக் காத்திருந்தாள்.

"சுகந்தி, ஒண்ணு கேக்கணும். இந்தப் போகாதேன்னு சொல்றது இருக்குல்ல, அது எந்தப் பாடம்?"

சுகந்திக்குச் சட்டென்று புரியவில்லை. "போகாதேன்னா? போகலேன்னு சொல்லலாம்க்கா, அது நாலுலயே வந்துடுச்சு. போறீங்களான்னு கேக்கலாம். போகாதீங்கன்னு… அது இன்னும் வரல."

"மேடத்தைக் கேட்டேன். இருபத்தோராவதுன்னாங்க. எனக்கே சொல்லிக் கொடுங்கன்னேன், சொல்லிக் கொடுத்தாங்க, நானும் சொல்லிப் பாத்தேன். எம் பேரு பதிவேட்டுல இல்லியே, அவருக்கு ஏறல." மரகதம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நான் போறதை அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு ஏதோ சொல்ல வராரு கண்ணு. வாயைத் தொறக்குறாரு, மூடுறாரு. அவரு வாயால ஒருவாட்டி சொன்னார்னா, பிள்ளைங்களை இங்க கூட்டியாந்து வச்சுக்கிறேன்னு தம்பிகிட்ட சொல்லிடுவேன். சொல்லலேன்னா நான் எதை வச்சு நிக்கிறது?"

"ஞாயித்துக்கிழமை வரேன்க்கா. அரை மணி நேர வேலைதான். கண்டிப்பா வரேன்."

ஷைலஜா மேடமும் ஆள் விட்டுச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூடத்தைத் திறந்து வைக்கிறேன், ஒரே ஒரு பாடம். அந்த ஞாயிற்றுக்கிழமை சுகந்தி போகவில்லை. உடம்பு சரியில்லை என்று பிறகு சொன்னாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. தொழிற்சாலையில் புதிதாகச் சிநேகமான பெண்கள் காஞ்சிபுரத்தில் புடவை எடுக்கக் கூப்பிட்டார்கள், போனாள். அரக்குக் கலரில் ஒன்று எடுத்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காற்று முகத்தில் அடிக்கப் போனபோது, ஏழெட்டு மாசமாகத் தன் நாக்கின் மேல் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருந்தது போலவும், இன்றைக்குத்தான் அவர் இறங்கியது போலவும் அவளுக்கு இருந்தது. அந்த இலேசு அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு போய்க்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மேடம் கூடத்தில் ஒரு மணி வரை காத்திருந்தார். கிமுரா கடைசி பெஞ்சில், தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை தொழிற்சாலை வேன் பல்கலைக்கழக வாசலில் ஆள் ஏற்ற நின்றபோது, எதிரே ஆரணி பஸ் நின்றுகொண்டிருந்தது. மரகதம் ஒரு டிரங்குப் பெட்டியோடும் இரண்டு பைகளோடும் படிக்குப் பக்கத்தில் நின்றாள். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. குடையோடு கிமுரா எதிரில் நின்றார். சுகந்தி வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தன்னிடம் இருக்கிற இருபது பாடங்களையும் ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து தேடுகிறவரைப் போல அவர் கண்கள் இங்கும் அங்கும் போயின. கடைசியில் அவற்றில் எது கிட்டத்தில் இருந்ததோ அதை எடுத்தார்.

"இகிமாஸ் கா?"

போகிறீர்களா? அவ்வளவுதான். நாலாம் பாடத்தில், ஒருவர் கடைக்குப் போகும்போது இன்னொருவர் கேட்கிற கேள்வி.

மரகதம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் மொழியிலேயே, பிசகில்லாமல், "ஹை, இகிமாஸ்" என்றாள். ஆமாம், போகிறேன். கண்டக்டர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். வேன் டிரைவர் ஹாரன் அடித்துக் கிளப்பினார். சுகந்தி இறங்கியிருக்கலாம். இறங்கி என்ன செய்திருப்பாள் என்று பிறகு வருஷக்கணக்காக யோசித்திருக்கிறாள். மேடம் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, தொழிற்சாலையில் புதிதாக வந்திறங்கிய வெட்டு இயந்திரத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார்கள். ஜப்பானியப் பொறியாளர் ஒரு அட்டையைக் கொடுத்து, இதைத் தமிழில் எழுதி மாட்டுங்கள், எல்லோருக்கும் வாயாலும் சொல்லிக் கொடுங்கள் என்றார். கோட்டைத் தாண்டிப் போகாதீர்கள் என்பதுதான் அட்டையில் இருந்தது. சுகந்தி கடைசிச் சொல்லில் தடுக்கி நின்றாள். அவர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்: இகானாய்தே குதாசாய். அவள் திருப்பிச் சொன்னாள். தையல் பிரிவுப் பெண்கள் முப்பது பேரும் விளையாட்டாகச் சேர்ந்து சொன்னார்கள், அவளும் கூடவே பத்துத் தடவை சொன்னாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பத்தாவது தடவை சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தன் நாக்கின் மேல் நின்றவர் ஞாபகம் வந்தது. அவள் பெயரை வகுப்புப் பதிவேட்டில் இன்னும் யாரும் அடிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் பஸ்ஸில் ஆரணிக்குப் போனாள். தறிச் சத்தம் கேட்கும் தெருவில், வாசலில் உட்கார்ந்து மரகதம் சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெரியவன் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். சுகந்தி எல்லாவற்றையும் சொன்னாள், புடவையையும் சேர்த்து. மரகதம் பின்னலை நிறுத்தாமல் கேட்டாள்.

"அக்கா, இப்ப அவருக்கு அது வந்துடுச்சு. நேத்தே போய்ப் பாத்தேன். வந்துடுச்சுக்கா. நான் அவரை இங்க கூட்டிட்டு வரட்டா?"

"வேணாம்."

"என்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. அவரு என்ன பண்ணாரு?"

"கோவம் இல்ல கண்ணு." மரகதம் ரிப்பனை முடிச்சுப் போட்டாள். "அவரு போறீங்களான்னு கேட்டாரு. நான் போறேன்னேன். கேள்வியாக் கேட்டா பதில்தானே சொல்ல முடியும்? இந்தா, இதுங்க ரெண்டும் இப்ப ராத்திரியானா என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குது. புது ஊருக்கும் புது வீட்டுக்கும் இதுங்களை இழுத்துட்டு அலையச் சொல்றியா? அவரு வந்து நின்னு அந்த வார்த்தையைச் சொல்லிட்டார்னா நான் என்ன பண்ணுவேன்? அதான் கூட்டிட்டு வராதன்னு சொல்றேன்."

சீப்பில் சிக்கியிருந்த முடியைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள்.

"எங்க, எப்படிச் சொன்னாரு, சொல்லு" என்றாள் மரகதம்.

சுகந்தி சொன்னாள். மரகதம் உதட்டை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சின்னப் பெண்ணின் தோளைத் தட்டி, "போய் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்று எழுந்துகொண்டாள். சாப்பிட்டுத்தான் போகணும் என்று சுகந்திக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

வகுப்பை அந்த வருஷத்தோடு மூடிவிட்டார்கள். ஷைலஜா மேடம் சென்னைக்குப் போய்விட்டார். சுகந்தி தொழிற்சாலையில் எத்தனையோ கற்றுக்கொண்டாள். ஊசி, நூல், அழுத்தம், தாமதம், மன்னிப்பு, பதவி உயர்வு என்று அவள் கற்றது எல்லாம் கிமுராவுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் அவற்றில் ஒன்றையும் எடுத்துப் பேசவில்லை. தினம் நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கிளம்புகிற ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கு எதிரிலும் நின்று, இடுப்பு வரை குனிந்து, இகானாய்தே குதாசாய், இகானாய்தே குதாசாய் என்று, ஆரணி பஸ்ஸுக்கும் வந்தவாசி பஸ்ஸுக்கும் வேலூர் பஸ்ஸுக்கும் ஒரே மாதிரி மன்றாடினார். அதைக் கேட்ட கண்டக்டர்கள் அது நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று ஜப்பானில் சொல்கிற ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் சொல்லாமல் கிளம்பினால் வழியில் டயர் வெடிக்கிறது என்று ஒரு பேச்சு வந்து, சில டிரைவர்கள் அவருக்காக ஐந்து நிமிஷம் காத்திருந்து, சொல்லக் கேட்டுவிட்டே வண்டியை எடுத்தார்கள். வெளியூர் போகிறவர்கள் குழந்தைகளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "மாமா சொல்றாரு பாரு, டாட்டா காட்டு" என்றார்கள். குழந்தைகள் கை ஆட்டின.

சுகந்தி அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிச் சென்னைக்குக் கிளம்பிய அன்று அவளும் அந்த நாலு மணி பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் படிக்கு எதிரே வந்து நின்று, குனிந்து, சொன்னார். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் சிரித்த முகத்தோடு கை ஆட்டினார்கள். கண்டக்டர் மகிழ்ச்சியாக விசில் ஊதினார். அவள் ஒருத்திதான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பஸ் நகர்ந்தது.